நாய்க்கு வாந்தியும் கழிச்சலும்: எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கலாம்?

மூன்று வயது நாய் நேற்றிரவிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறது, கழிச்சலும் இருக்கிறது, ஆனால் தண்ணீர் குடிக்கிறது, கூப்பிட்டால் வருகிறது. உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவர் அல்லன். பல ஆண்டுகளாக நாய் வளர்ப்பவன், ஒரு முறை தவறாகக் காத்திருந்தவன்.

அந்தக் குட்டிக்கு அப்போது மூன்று மாதம், தடுப்பூசி ஒரு தவணைதான் போட்டிருந்தோம். காலையில் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டுச் சாப்பிட மறுத்ததை, எதையோ மேய்ந்திருக்கும் என்று எண்ணித் தயிர்சோறு வைத்துப் பார்த்தேன். இரவுக்குள் வீடெங்கும் நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சலாகிவிட்டது, பார்வோ என்ற வைரஸ் நோய். ஐந்து நாள் டிரிப் ஏற்றிய பிறகே பிழைத்தது. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கும் தடுப்பூசியை 16 வாரம் வரை தவணை தவறாமல் போட வேண்டியதன் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது. ஆகவே குட்டி என்றால் காத்திருப்பு என்ற பேச்சே வேண்டாம்.

வளர்ந்த நாய்க்கு, வாந்தியின் எண்ணிக்கையைவிட நாயின் நிலையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வறண்டு பிசுபிசுத்தாலோ, தோள்பட்டைத் தோலை இழுத்துவிட்டால் மெதுவாகவே படிந்தாலோ, உடலில் நீர் குறைந்திருக்கிறது. குடித்த தண்ணீரும் வாந்தியாக வெளியேறினால், மலம் தார்போலக் கறுத்தால், இரத்தம் கலந்தால், மாங்கொட்டையோ துணியோ எலி மருந்தோ விழுங்கியிருக்கலாம் என்று ஐயம் இருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு: வயிறு உப்பி, நாய் ஓங்கரித்துக்கொண்டே இருந்தும் வெறும் எச்சிலைத் தவிர ஒன்றும் வராத நிலை. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்களில் இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்வதால் இது நேர்கிறது. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம் என்பதால் நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

உங்கள் நாய்க்கு இவற்றில் எதுவும் இல்லையெனில், சுமார் 12 மணி நேரம் உணவை நிறுத்தி, தண்ணீரைச் சிறிது சிறிதாக வையுங்கள். பிறகு தோலும் எலும்பும் நீக்கி, உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைக் குழைந்த சோற்றோடு பிசைந்து, நாளுக்கு நான்கு முறை கொஞ்சமாகக் கொடுங்கள். பால் வேண்டாம், பல நாய்களுக்கு அதுவே கழிச்சலைக் கூட்டும். நாம் விழுங்கும் மாத்திரைகளை, குறிப்பாக இபுபுரூஃபனையும் பாராசிட்டமாலையும், நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்று மாலைக்குள் மறுபடி வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து படுத்துவிட்டாலோ, மலத்தின் புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். வாந்தி நின்றும் கழிச்சல் மட்டும் நாளையும் நீடித்தால், அப்போதும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.