சோறு எப்போது வரும்?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் மனைவியின் அறுபதாவது பிறந்தநாளை முன்னிட்டு மகள் எங்களைப் பினாங்குக்கு அழைத்துச் சென்று, ஆயர் ஈத்தாமில் ஒரு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் இரவு உணவுக்கு இடம் பிடித்திருந்தாள். உணவகம் அன்று. ஒரு பெண்மணி தம் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேருக்கு மட்டும் சமைத்துப் போடுகிறார். சப்பர் கிளப் என்கிறார்கள். ஒருவருக்கு 160 வெள்ளி (ரிங்கிட்). ஒன்பது பதார்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றாவதாக வந்தது டின் சாடின் (மத்தி மீன்) சம்பல், வறுத்த ரொட்டித் துண்டின்மேல் இரண்டு கரண்டி.

நான் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். மாதக் கடைசியில், கடைக்காரர் கடன் தர முகம் சுளிக்கும் நாள்களில்தான் என் அம்மா அந்த டின்னைத் திறப்பார். ஏழு பேருக்கு ஒரு டின். அதையே மெழுகுவத்தி வெளிச்சத்தில், முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து காசு கொடுத்துத் தின்றபோது எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. சமைத்தவர், 'நான் யாரிடமும் கற்றதில்லை, நானாகவே பழகினேன்' என்று பெருமையோடு சொன்னார். நம் தாய்மார்கள் எல்லாரும் அப்படித்தானே சமைத்தார்கள்? அவர்கள் யாரிடம் காசு கேட்டார்கள்? வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போட்டுப் பணம் வாங்குவது நம் பண்பாட்டுக்கு ஒத்துவருமா? இத்தகைய விருந்துகளைப் பற்றி நீங்கள் முன்பு நல்லவிதமாக எழுதியிருந்ததால் உங்களிடமே கேட்கிறேன்.

ம.,
கிள்ளான்.

அன்புள்ள ம.,

நீங்கள் சொல்லும் வீடு எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். கூடத்து மூலையில் பழைய தையல் இயந்திரம், அதன்மேல் தண்ணீர்ச் சாடி, சாடின் சம்பலை ஏந்தி வரும் கறுப்புக் கல் தட்டு, எல்லாம் பொருந்துகின்றன. அங்கே இரண்டு முறை என் சொந்தக் காசில் சாப்பிட்டிருக்கிறேன். முதல் முறை வெளியே வந்தபோது எனக்கும் உங்களைப் போலவே ஏதோ உறுத்தியது. அது என்னவென்று விளங்குவதற்கு இரண்டாம் முறை போக வேண்டியிருந்தது.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் குழப்பமில்லை. விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை என்பதாகும். உறவினர் வருவதைவிட, முன்பின் அறியாதவர் வருவதையே அச்சொல் முதலில் குறித்தது. அந்தப் புதியவருக்குக் காசு வாங்காமல் சோறிடுவது உயர்ந்த அறம்தான், மறுப்பில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு வீட்டுச் சோறு போடுவதும் நமக்குப் புதிதன்று. பினாங்கு ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில், அதாவது வட்டித்தொழில் செய்தவர்கள் தங்கித் தொழில் நடத்திய கூடங்களில், செட்டியார்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் சம்பளக்காரர்கள். 1978-இல் நான் கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர் ஒருவரின் வீட்டில் மாதச் சாப்பாடு பேசிக்கொண்டேன். அந்த வீட்டு அம்மா மாதப் பணத்தை ஒருநாளும் கையில் வாங்கியதில்லை. முருகன் படத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருக்கும், அதில் போட்டுவிட வேண்டும். ஒருநாள் நான் ஒரு கரண்டிச் சோறு குறைவாகப் போட்டுக்கொண்டால், 'ஏன் தம்பி, மேலுக்கு முடியலயா?' என்று கேட்பார். டின்னில் விழுந்த காசு அந்தக் கேள்வியின் மதிப்பைக் குறைத்ததாக எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை. வெளிநாடுகளிலும் இது பழகிய ஏற்பாடுதான்: கியூபாவில் 1990-களில் வீட்டு உணவகங்களுக்கு அரசு அனுமதி கொடுத்தபோது, 12 இருக்கைகளுக்குமேல் போடக் கூடாது என்று கட்டுப்பாடும் விதித்தது.

160 வெள்ளி அதிகமா என்றால், பத்துப் பேருக்கு 1600 வெள்ளி என்று கணக்கு வைத்துப் பாருங்கள். விடியற்காலைச் சந்தையில் வாங்கும் இறாலும் ஆட்டிறைச்சியும், உதவிக்கு வரும் பெண்ணின் கூலி, இரண்டு முழு நாள் அடுப்படி வேலை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மாதத்தில் நான்கு இரவுகளுக்குமேல் அவர் நடத்துவதுமில்லை. 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் உணவைக் கையாளுபவருக்குப் பயிற்சியும் டைபாய்டுத் தடுப்பூசியும் வேண்டும் என்கின்றன. அவற்றுக்கான தாள்களைக் குளிர்பெட்டிக் கதவில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைத்திருக்கிறார். இதற்குமேல் பணத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

'நானாகவே பழகினேன்' என்ற பேச்சுக்கு வருகிறேன். அதைப் பெருமை என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். முதல் முறை நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை சாப்பாடு முடிந்து, தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறை வரை போனபோது அவரிடம் கொஞ்சம் பேச வாய்த்தது. அவருடைய பாட்டி கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர், அதற்கும் முன்பே உலை வைத்துவிடுவாராம். அம்மாவின் கதை வேறு. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபின், தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் பேருந்தேறி அங்கே போனார்களே, அவர்களில் ஒருவர் அந்த அம்மா. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழை போன்ற கம்பியை ஒட்டும் வேலை, மூன்று ஷிப்ட். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பவரிடம் எந்த மகள் போய் ரசம் வைக்கக் கற்றுக்கொள்வாள்? வீட்டில் பொட்டலச் சோறும் மேகி மீயும்தான். பாட்டி இறந்தபோது இவருக்குப் பதினோரு வயது.

நம் தாய்மார்கள் தாமாகவே பழகியவர்கள் என்று நீங்கள் எழுதியதை ஏற்க இயலவில்லை. அவர்கள் தம் தாயின் பக்கத்தில் நின்று, தேங்காய் துருவி, அம்மியில் அரைத்து, திட்டு வாங்கிக் கற்றவர்கள். இவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. நாக்கில் தங்கியிருந்த ருசியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த ருசிக்குப் போகும் வழியை அவரே தேட வேண்டியிருந்தது. அந்தச் சொல்லில் நான் கேட்டது பெருமையைவிடக் குறைதான்.

தேடிய விதத்தையும் காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நீல அட்டை நோட்டு ஒன்று, எண்ணெய்க் கறையோடு. கோழிப் பெரட்டலுக்கு மட்டும் பதினான்கு தேதிகள் இருந்தன. பாட்டியின் பெரட்டல் மசாலா கறியோடு ஒட்டிக் கறுத்துச் சுருண்டிருக்கும். இவர் செய்தது ஒவ்வொரு முறையும் குழம்பாகவே முடிந்தது. தண்ணீரைக் குறைத்தார், பிறகு அறவே விட்டார், வெங்காயத்தையும் பாதியாக்கினார், தீயைக் கூட்டினார், அடி பிடித்தது. பதினான்காவது முறைதான் கோழியை மாற்றினார். பண்ணைக் கோழி ஆறேழு வாரத்தில் வளர்ந்துவிடுகிற இளங்கறி, சட்டியில் போட்டதும் நீரை விட்டுவிடுகிறது. பாட்டி அறுத்ததோ லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் மாதக்கணக்கில் மேய்ந்த கோழி. கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) வாங்கி, அதன் சொந்த நீரிலேயே சிறுதீயில் ஒரு மணி நேரம் பிரட்டியபோது பாட்டியின் சட்டி வாசனை வந்ததாம். பாட்டி இருந்திருந்தால் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார் என்பது உண்மைதான். ஆனால் ஏன் என்று கேட்டால் பாட்டிக்குச் சொல்லத் தெரிந்திருக்காது, இவருக்குத் தெரிகிறது.

இப்படித் தேடிக் கற்றவர்களுக்கு ஒரு குறையும் உண்டு. கண்டுபிடித்ததையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பு அடங்குவதில்லை. ஒன்பது பதார்த்தங்களில் மூன்றை நான் எடுத்துவிடுவேன். புங்கா காந்தான் என்ற காட்டு இஞ்சிப் பூவை நறுக்கிப் போட்ட ரசம் அருமையாக இருந்தது. அசாம் லக்சா என்ற புளிப்பு மீன் நூடுல்ஸ் ஊரான பினாங்கில் வாழும் தமிழருக்கு அந்தப் பூவின் மணம் கொத்தமல்லிக்குச் சமமான சொந்தம், அதை ரசத்தில் போட இத்தனை காலம் நமக்கு ஏன் தோன்றவில்லை என்றே நினைத்தேன். பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) கலந்த மோர்க்குழம்பைப் பற்றி அப்படி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இனி, உங்கள் தொண்டையை அடைத்த சாடின். சமையல் என்ற வகையில் அதில் பழுது சொல்ல முடியாது. மீனைச் சாற்றிலிருந்து தனியே எடுத்து, பிளந்து, நடுமுள்ளை நீக்கி வைத்துவிடுகிறார். பெரிய வெங்காயமும் அரைத்த காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் வதங்கியபின் டின்னின் தக்காளிச் சாற்றை மட்டும் ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்து, கடைசியில் மீனைப் போட்டுக் கரண்டி படாமல் சட்டியை மட்டும் ஆட்டி இறக்குகிறார். அந்த டின்னுக்கும் வயதாகிறது: சேவல் படத்தோடு நாம் அறிந்த நிறுவனத்தை ஒரு பிரெஞ்சுக்காரர் 1892-இல் சிங்கப்பூரில் தொடங்கினார். உங்கள் அம்மா அதில் உருளைக்கிழங்கைச் சேர்த்து ஏழு பேருக்கு நீட்டியிருப்பார். என் அம்மாவும் அதையேதான் செய்தார்.

ஆனால் தட்டை வைத்துவிட்டு அவர் பாட்டியின் வறுமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாரே, அதை அவர் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன், அவரிடமே சொல்லியும்விட்டேன். அந்த மேசையில் உங்களைப் போல் ஒருவர் இருந்தால் அவருக்கு அந்தக் கதை தேவையில்லை. மற்றவர்களுக்கு அது கறிவேப்பிலை போல் ஒரு அலங்காரமாகிவிடுகிறது. என் தந்தையார் ஜப்பானியர் காலத்தில் மூன்றரை ஆண்டுகள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர்பிழைத்தவர். 1945-க்குப் பிறகு அதைத் தொட்டதேயில்லை, வீட்டில் அவித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஆகவே உங்கள் தொண்டையில் அடைத்தது என்னவென்று எனக்குத் தெரியும். அதை நான் வாதாடித் தீர்த்துவிட முடியாது, தீர்க்கவும் முயலமாட்டேன்.

என்னை உறுத்தியது வேறொன்று. உங்கள் கடிதத்தில் 'ஒன்றன்பின் ஒன்றாக வந்தன' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் அது இருக்கிறது. நம் சாப்பாட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் இலையில் இருக்கும். சோற்றைப் பிசைந்து, இந்த வாய்க்குக் கொஞ்சம் பெரட்டல், அடுத்த வாய்க்குக் கீரையும் அப்பளத்தின் ஒரு முனையும், பிறகு காரம் ஏறினால் தயிர் என்று ஒவ்வொரு கவளத்தையும் உண்பவரே கூட்டுகிறார். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவர் ஒரே சாப்பாட்டை இரு விதமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவதைப் பார்க்கலாம். சமைத்தவரின் வேலை இலையில் பரிமாறியவுடன் முடிந்துவிடுகிறது, மீதி நம்முடையது. தட்டுத் தட்டாக வரும் முறையில் அந்த மீதியையும் சமைத்தவரே எடுத்துக்கொள்கிறார். நான் முதல் முறை போனபோது சோறு எட்டாவதாக, ஒரு கைப்பிடியளவு, கிண்ணத்தில் கவிழ்த்த வடிவில் வந்தது. அதற்குள் ரசமும் சாடினும் பெரட்டலும் போய்விட்டிருந்தன. அந்தச் சாடின் ரொட்டியின்மேல் வராமல் சோற்றோடு வந்திருந்தால், உங்கள் அம்மாவின் கை நினைவுக்கு வந்து நீங்கள் அழுதிருக்கவும்கூடும். ஆனால் கோபப்பட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம்.

இரண்டாம் முறை என் எதிரில் பட்டர்வொர்த்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், பேத்தி அழைத்து வந்தவர். சிறு கண்ணாடிக் குவளையில் ரசம் வந்தது. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்து, மிகவும் மரியாதையாக, 'அம்மா, சோறு எப்போது வரும்?' என்று கேட்டார். பேத்தி அவர் முழங்கையைத் தொட்டாள். சமைத்தவர் ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய், எட்டாவது தட்டுக்கென்று வடித்து வைத்திருந்த சோற்றைச் சட்டியோடு தூக்கி வந்து, ஒரு துணியை நாலாக மடித்து மேசை நடுவில் போட்டு அதன்மேல் வைத்தார். அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரும், சட்டியை இப்படித் தள்ளுங்கள் அப்படித் தள்ளுங்கள் என்று பேசத் தொடங்கினோம். பெரட்டல் வந்தபோது சட்டியில் பாதிதான் மிச்சம். அந்தக் குழப்பத்தில் ஏழாவது பதார்த்தம் வரவேயில்லை. ஆவியில் வைத்த இறால் கொழுக்கட்டையை மறந்துவிட்டேன், மன்னிக்கவும் என்று மறுநாள் எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருந்தார்.

நீங்கள் மறுபடி போவீர்களா என்று தெரியாது. போவதாக இருந்தால், இடம் பதியும்போதே முதலிலிருந்து சோறு வேண்டும் என்று எழுதிவிடுங்கள். இப்போது அவர் அதற்கு ஒத்துக்கொள்கிறார், இலை வேண்டுமா என்றும் கேட்கிறார்.

அன்புடன்.