செர்ரி பார்ப் வெளுத்துப்போய் ஒளிந்துகொள்கிறதா?

மீன்தொட்டியில் வெள்ளைக் கூழாங்கல், பளீரென்ற எல்இடி, அதில் நான்கு செர்ரி பார்ப் மீன்கள், எல்லாம் வெளுத்துப்போய் ஃபில்டருக்குப் பின்னாலேயே கிடக்கின்றன என்கிறீர்கள். உடம்பில் புள்ளி எதுவும் இல்லையென்றால் மருந்தை ஊற்றாதீர்கள், வெளிச்சம்தான் காரணமாக இருக்கும். இலங்கையின் தென்மேற்கில், களனி ஆறு முதல் நில்வளா வரை, மரநிழலில் மெதுவாக ஓடும் ஆழமில்லாத ஓடைகளில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே மேயும் 5 செ.மீ. மீன் இது, தலைக்கு மேல் மறைப்பு இல்லாவிட்டால் பயந்துவிடும். மிதக்கும் செடி போடுங்கள், அடியில் கறுப்பு மணல், காய்ந்த நாட்டு வாதாம் இலை இரண்டு. இன்னும் நாலைந்து மீன் சேருங்கள். அப்புறம், பெண் மீன் எப்போதுமே மங்கலான பழுப்புதான், கடைக்காரர் நான்கையும் பெண்ணாகவே கொடுத்திருந்தால் என்ன செய்தாலும் சிவக்காது.