பண்ணையில் முழு ஆடு: எடை போடும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். தீபாவளிக்கு நாலு குடும்பம் சேர்ந்து உலு லங்காட் பக்கம் ஒரு பண்ணையில் முழு ஆடு எடுக்கலாம் என்று பேச்சு. புல் மட்டுமே தின்று வளர்ந்த ஆடு, உயிர் எடைக்குக் கிலோ 30 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார் பண்ணைக்காரர். பாசாரை (சந்தையை) விட மலிவாகத் தெரிகிறது. எடுக்கலாமா?

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் அந்த 30 வெள்ளி கறியின் விலை இல்லை. 40 கிலோ ஆட்டுக்கு 1,200 வெள்ளி கொடுப்பீர்கள். தோல், தலை, கால், குடல், இரத்தம் எல்லாம் போக, எலும்போடு மிஞ்சும் கறி பெரும்பாலும் உயிர் எடையில் பாதிகூட வராது. 45 சதவீதம் என்று வைத்தால் 18 கிலோ. அப்படியானால் கிலோ சுமார் 67 வெள்ளி. அறுத்து வெட்டும் கூலி தனி. பாசார் விலையோடு ஒப்பிட வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

எடை போடும் நேரமும் முக்கியம். ஒரு முறை, காலைத் தீவனம் முடித்த கையோடு தராசில் ஏற்றிய ஆட்டை வாங்கினேன். இடப்பக்க வயிறு மத்தளம் போலப் புடைத்திருந்தது. அறுத்த பிறகு இரைப்பையைக் கவிழ்த்தபோது பாதி மென்ற பச்சைப் புல் ஒரு வாளி நிறைய வந்து விழுந்தது. அதற்கும் கறி விலைதான் கொடுத்திருந்தேன். முந்தின இரவே தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, விடிந்ததும் எடை போடச் சொல்லுங்கள். நல்ல பண்ணைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, ‘புல் மட்டும்’ என்கிறாரே, அதைப் பார்ப்போம். இங்கே பல பண்ணைகளில் ஆடுகள் உயரமாகக் கட்டிய மரக்கொட்டகையில்தான் இருக்கும். நேப்பியர் புல்லை வெட்டி வந்து போடுவார்கள். கூடவே செம்பனைப் பிண்ணாக்கு, சோயாச் சக்கை. இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆடு நன்றாகச் சதை பிடிக்கும். ஆனால் புல் ஆடு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், தீவன மூட்டை அடுக்கும் இடத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். கொழுப்பு மஞ்சளாக இருந்தால் புல் தின்றது என்பார்கள். மாட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆடு புல்லிலுள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறச்சத்தை உடம்புக்குள்ளேயே மாற்றிவிடுவதால், எதைத் தின்றாலும் அதன் கொழுப்பு வெள்ளைதான்.

ஆட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடை நடுவில் இரண்டு பெரிய பல் இருந்தால் வயது ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள், குழம்புக்கு அருமையான பருவம். கிடாவாக இருந்தால் காயடித்ததைக் கேளுங்கள், வாடை குறைவாக இருக்கும். தாடைக்கு அடியிலும் தோளுக்கு முன்பக்கமும் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம், அந்த ஆடு வேண்டாம். அறுப்பு, கால்நடைச் சேவைத் துறையின் பரிசோதனை நடக்கும் அறுப்புக்கூடத்தில் நடக்கட்டும். ஈரலையும் நுரையீரலையும் பழகிய கண் ஒன்று பார்ப்பது உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது.

அப்புறம், வெட்டிய கறியைச் சூட்டோடு பிரீசரில் அடைக்காதீர்கள். சதை இறுகிப்போய், எத்தனை விசில் விட்டாலும் ரப்பர் மாதிரி இழுக்கும். ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 டிகிரியில் வைத்து, பிறகு ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகத் தட்டையாக அழுத்தி உறைய வையுங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அறுத்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), குடல், தலை, கால் எல்லாம் வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அதில் எது எந்த வீட்டுக்கு என்பதையும் நாலு குடும்பமும் அன்றைக்கே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.