புளி முடியட்டும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலூரில் வங்கி ஊழியன். ஏழு மாதமாகச் சனிக்கிழமைதோறும் ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறேன். இருபது பேர் வந்த இடத்தில் இப்போது மூன்று பேர். பெற்றோர் கண்டுகொள்வதே இல்லை. பெட்ரோலுக்கே மாதம் ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் வாழ்ந்த ஊர்க்காரன் என்ற நினைப்பில் தொடங்கினேன். ஆர்வமில்லாத சனங்களிடம் உழைப்பை வீணாக்குகிறேனோ? நிறுத்திவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் 'ஆர்வமில்லாத சனங்கள்' என்பதை அடித்துவிடுங்கள். அடித்தாயிற்றா? சரி, பேசலாம்.

நீங்கள் கடிதம் எழுதியது மார்ச் இரண்டாம் வாரம். ஜவ்வாது மலையில் அது புளிக்காலம். மரத்தை உலுக்கி, பொறுக்கி, காயவைத்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். கொட்டையோடு விற்றால் ஒரு விலை, எடுத்து விற்றால் வேறு விலை. அந்த வித்தியாசம் வீட்டிலிருக்கும் அத்தனை கைகளையும் கேட்கும், பத்து வயதுக் கை உட்பட. ஏழு மாதம் போய்வந்தும் இது தெரியவில்லையென்றால், வகுப்பு நடக்கும் திண்ணையைத் தவிர அந்த ஊரில் நீங்கள் வேறெங்கும் உட்காரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் உட்காராமல் இருந்தவன்தான்.

பெட்ரோல் கணக்கை விடுங்கள். நன்றி சொல்லவில்லை என்பதையும் விடுங்கள்.

ஐடா ஸ்கடர் என்றதும் எல்லோருக்கும் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த கதைதான் ஞாபகம் வரும். அது திண்டிவனத்தில் நடந்தது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வந்தது. 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் வைத்தியம் தொடங்கியவர், ஆஸ்பத்திரி கட்டிய பிறகும் அதற்குள் உட்கார்ந்துவிடவில்லை. குடியாத்தம் சாலையில் வாரா வாரம் போய் மரத்தடிகளில் நின்று மருந்து கொடுத்தார். சனங்கள் இருக்கும் இடத்துக்குத் தான் போவது. நீங்களோ மலையேறிப் போய், அங்கேயும் ஒரு திண்ணையைப் பிடித்துக்கொண்டு அவர்களை வரச் சொல்கிறீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாவட்டத்துக்கு வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தில் தொண்டனாக அதே மலையில் இரவு வகுப்பு எடுத்தேன். அரிக்கேன் விளக்கு, பத்துப் பன்னிரண்டு பெண்கள். அதில் ஒரு அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். எந்த எழுத்தைக் காட்டினாலும் தப்பாகச் சொல்வார். சிலேட்டை கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்ப்பார். எனக்கு அது விளையாட்டாகப் பட்டது. ஒருநாள் எல்லார் முன்னாலும், "மண்டையில எதுவும் ஏறாதா உனக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் சிலேட்டை முந்தானையால் துடைத்துக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கூட வந்த தோழர்தான் இறங்கி வரும்போது சொன்னார்: "அது வெள்ளெழுத்துடா மடையா. கிட்டத்துல இருக்கறது கண்ணுக்குத் தெரியாது."

வேலூர் லாங் பஜாரில் முப்பது ரூபாய்க்கு ஒரு ரெடிமேட் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனேன். போட்டுப் பார்த்துவிட்டு முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் விரல் நகங்களை. அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வரவே இல்லை. தேடிப் போனால் வாசலில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முறத்தில் சாமையரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஊசியும் நூலும்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. படிக்க வாங்கிக் கொடுத்ததல்லவா! "இன்னா சாரே, நல்லா தெரியுது" என்று சிரித்தார். "எங்க அண்ணிக்கும் ஒண்ணு வாங்கியா. அதுவும் கல்லோடதான் ஆக்குது." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'இடைநின்றவர்' என்று எழுதினேன். அழகான கையெழுத்து எனக்கு. அந்த ஒரு சொல்லை எழுதும்போது இன்னும் அழகாக வந்தது.

அடுத்த மாதம் அரசு வேலைக்கு உத்தரவு வந்தது. மலைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அண்ணிக்குக் கண்ணாடியும் வாங்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த முறம்தான் கண் முன்னால் நிற்கிறது. நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? வரும் சனிக்கிழமை புத்தகத்தையும் நோட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். புளி உடைக்கும் களத்தில் உட்கார்ந்து கொட்டை தட்டுங்கள். முதல் நாள் விரலில் அடித்துக்கொள்வீர்கள், பிள்ளைகள் சிரிக்கட்டும். கிலோ என்ன விலை, வியாபாரி எவ்வளவு கழிக்கிறான் என்று அவர்களையே கேளுங்கள். உங்களுக்குக் கணக்குப் பாடம் வேண்டுமென்றால் அது அங்கேதான் இருக்கிறது.

அப்படியே, வயதான பெண்களில் யாராவது ஊசியைத் தூர நீட்டி நூல் கோர்க்கிறார்களா என்று பார்த்து எழுதுங்கள். ஒரு கண்ணாடிக்கு நான் பாக்கி.