அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 1பி1 நிலை என்றார்கள், இப்போது அறுவைக்குப் பிறகு வந்த ரிப்போர்ட்டில் 3சி1பி என்று இருக்கிறதே?

ஒரே வாரத்தில் நோய் அப்படித் தாவிவிடவில்லை. அறுவைக்கு முன் உங்கள் அம்மாவுக்குச் சொன்ன 1பி1, கருப்பை வாயில் இருந்த கட்டியின் அளவை வைத்துச் சொன்னது. எடுத்த நிணநீர்க் கணு ஒன்றில் புற்றுச் செல்கள் இருந்ததால் இப்போது 3சி1. 2018-இல் ஃபிகோ (மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு) மாற்றிய விதி இது, அதற்கு முன் கணுவில் இருந்தாலும் நிலை எண் மாறாது. கடைசி 'பி' என்பது பேத்தாலஜியில் (எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையில்) உறுதியானது என்பதற்கு.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்றால், கணு வீங்காமலே உள்ளே நுண்ணிய பரவல் இருக்கலாம், எம்ஆர்ஐ பெரும்பாலும் அளவைத்தான் பார்க்கும்.

ரிப்போர்ட்டில் இதைப் பாருங்கள்: மொத்தம் எத்தனை கணு, அதில் எத்தனையில் இருந்தது, வெட்டு விளிம்பும் கருப்பையை ஒட்டிய திசுவும் சுத்தமா. இடுப்புக் கணு ஒன்று மட்டும், மற்றது சுத்தம் என்றால் நிலைமை கொஞ்சம் ஆறுதலானது. அதனால் நெட்டில் '3ஆம் நிலை' என்று தேடினால் வரும் பிழைக்கும் சதவீதத்தை அப்படியே அம்மாவுக்குப் பொருத்தாதீர்கள், அதில் பெரிய கட்டிக்காரர்களும் சேர்ந்திருப்பார்கள்.

ஆனால் கணுவில் இல்லாதவர்களைவிடத் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல்தான், அதை மழுப்ப முடியாது. அதற்குத்தான் ரேடியேஷனும் கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும். தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், ரேடியேஷன் வாரத்துக்கு 5 நாள், சுமார் 5 வாரம். அதனால் வரக்கூடிய வயிற்றுப்போக்கோடு தினமும் சேலத்துக்கு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குவது கொடுமை, சேலத்திலேயே அஸ்தம்பட்டி பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் அதுவரை அங்கேயே தங்க வையுங்கள்.