எக்கோ சீட்டுக்குப் பீரோவில் என்ன வேலை?

கேள்வி: என் மகளுக்கு நான்கு மாதம். பதினான்காவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "மர்மர் கேட்குது, அதாவது இதயத் துடிப்போட கூட ஒரு இரைச்சல், எக்கோ ஸ்கேன் எடுத்துடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பிறந்தபோது பார்த்தவர் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். அன்றிலிருந்து தூக்கமே இல்லை, ராத்திரியெல்லாம் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். மாமியார் என் சொந்த அத்தைதான். அடுத்த மாதம் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து வைத்திருக்கிறார்கள், அது முடியட்டும் என்று சீட்டைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்தப் பயத்திலிருந்து மீள என்ன வழி?
வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உன் பயத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்தச் சீட்டு ஏன் புடவைக்கு அடியில் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லு.

இப்படிக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் "ஒன்றும் ஆகாது" என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டேனா என்று பார்க்கிறார்கள். சொல்ல மாட்டேன். அது எக்கோ பார்க்கிற டாக்டர் சொல்ல வேண்டியது, அவரிடம் நீ இன்னும் போகவே இல்லை. தூக்கமில்லாமல் மூச்சை எண்ணுகிற தாய், மூன்று வாரமாக ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருக்கிறாய், கேட்டால் மொட்டை என்கிறாய். மொட்டையா உன்னைத் தடுக்கிறது? அத்தையின் வாய்தான் தடுக்கிறது. "எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி இல்லையே", "கிரகணத்தன்னைக்கு வெளியே போனியா", "பொம்பளப் புள்ளைக்கு நெஞ்சுல ஓட்டைன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா"... இவற்றை அவர் இன்னும் சொல்லக்கூட இல்லை, நீயே மனசுக்குள் சொல்லிப் பார்த்துப் பயந்துவிட்டாய். சொன்னாலும் சொல்லட்டுமே, கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. கிரகணத்தால் யார் இதயத்திலும் ஓட்டை விழுவதில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் பிறவி இதயக் கோளாறுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், அது உண்மை, ஆனால் அந்தக் கல்யாணத்தை இரண்டு வீடும் கூடித்தான் செய்தீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று கைகாட்டவே முடியாது. பழியை யார் தலையில் கட்டுவது என்கிற பஞ்சாயத்தில் குழந்தையின் நாட்களைச் செலவழிக்காதே.

பிறந்தபோது இல்லாத சத்தம் இப்போது எப்படி வந்தது என்று உனக்கு ஒரு சந்தேகம், அதைப் பிடித்துக்கொண்டு இந்த டாக்டர் தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்றும் ஒரு நப்பாசை. பிறந்த புதிதில் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும், வாரங்கள் போகப் போகத்தான் குறையும். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால், அழுத்தம் குறைந்த பிறகுதான் ரத்தம் அதன் வழியே வேகமாகப் பாயும், சத்தமும் அப்போதுதான் கேட்கும். ஆக இரண்டு டாக்டர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். சத்தம் பெரிதா சின்னதா என்பதை வைத்தும் எதையும் முடிவு செய்யாதே. ஓஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுகிற மாதிரி, சின்ன ஓட்டைதான் பல நேரம் அதிகம் இரையும்.

கோளாறே இல்லாத இதயத்திலும் மர்மர் கேட்கும். சின்ன ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டை மட்டும் காத்திருக்காது. நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் போய்ப் போய் அங்குள்ள குழாய்கள் இறுகிவிடும், அப்படி இறுகிவிட்டால் பிறகு ஓட்டையை மூடவே முடியாத நிலை வரலாம். அதனால்தான் பெரிய ஓட்டை என்றால் பெரும்பாலும் முதல் வயதுக்குள்ளேயே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். உன் மகளுக்கு இதில் எது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்கிற வழியைத்தான் பூட்டி வைத்திருக்கிறாய்.

இன்று ராத்திரியே கணவருக்கு வீடியோ கால் போட்டுச் சொல்லு. தூரத்தில் தனியாக இருக்கிறார், கவலைப்படுவார் என்று நினைப்பாய். கவலைப்படட்டும், அவர் தகப்பன். பணம் அனுப்புவதோடு தகப்பன் கடமை முடிந்துவிடுகிறது என்கிற பேச்சை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அப்புறம் அத்தையிடம் சொல்லு. அழுதுகொண்டு சொல்லாமல், சீட்டைக் கையில் கொடுத்து, "நீங்களும் கூட வாங்க அத்தை" என்று கூப்பிடு. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஜிப்மர் என்கிற மத்திய அரசு ஆஸ்பத்திரி கோரிமேட்டில் இருக்கிறது. புதுச் சீட்டு காலையில்தான் போடுவார்கள், அதனால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். தடுப்பூசி அட்டை, பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, அந்த எக்கோ சீட்டு மூன்றும் பையில் இருக்கட்டும். எக்கோ என்றால் நெஞ்சில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, ஒரு கருவியை அப்படி இப்படி நகர்த்திப் பார்ப்பார்கள், ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. குழந்தை அசையாமல் இருந்தால் படம் தெளிவாக விழும். அசைகிற குழந்தைக்குச் சில இடங்களில் தூக்க மருந்து கொடுப்பார்கள், அப்படி என்றால் எத்தனை மணிக்குப் பிறகு பால் கொடுக்கக் கூடாது என்று முன்னாலேயே கேட்டுக்கொள். அறுவை சிகிச்சை என்று வந்தால் செலவை நினைத்து மலைக்காதே. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு, குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையும் அதில் அடங்கும்.

மொட்டை, காதுகுத்தை எக்கோ முடிந்து டாக்டர் சரி என்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தேவநாதசுவாமி எங்கேயும் போய்விட மாட்டார். தடுப்பூசியையும் தாய்ப்பாலையும் மட்டும் நீயாக நிறுத்திவிடாதே.

ராத்திரி மூச்சைப் பார்க்கிறாய் அல்லவா, அதையே உருப்படியாகச் செய். தூங்கும்போது ஒரு நிமிடம் முழுதாக எண்ணு, 50-ஐத் தாண்டுகிறதா? பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, நாலு வாய் உறிஞ்சிவிட்டு இளைத்து நிறுத்துகிறாளா, போன மாத எடையிலேயே நிற்கிறாளா? இதில் ஒன்று இருந்தாலும் ஜிப்மர் போகிற நாள் வரை காத்திராமல் உடனே டாக்டரிடம் காட்டு. உதடோ நாக்கோ நீலம் பாரித்தாலும், மூச்சு வாங்கி விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடு, நடுராத்திரியானாலும் சரி, அத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.