பழைய மடிக்கணினியும் மூன்று டேப்களும்

கேள்வி: என் மடிக்கணினிக்கு வயது பதினைந்துக்கு மேல். கோர் 2 டூயோ பிராசஸர், 2 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10 ஊர்ந்துகொண்டுதான் இருந்தது; 2025 அக்டோபரோடு அதற்கும் ஆதரவு முடிந்துவிட்டது. லினக்ஸுக்கு மாறலாம் என்றால் மின்ட், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் என்று அதன் வகைகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இருப்பதிலேயே லேசானது எது?

பதில்: இதே கேள்வியோடு நானும் ஒரு மாதம் அலைந்தேன். என்னிடம் இருந்ததும் 2 ஜிபி கணினிதான். லினக்ஸில் மெனு, ஜன்னல்கள், பட்டை எல்லாம் காட்டும் டெஸ்க்டாப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம்; முதலில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போட்டேன். சும்மா இருக்கும்போதே 600 எம்பி ரேம் சாப்பிடுகிறதே என்று பொறுக்காமல் எல்எக்ஸ்கியூட்டிக்குப் போனேன். அதிலும் மனம் ஆறாமல் ஓப்பன்பாக்ஸ். கீழே பட்டைகூட இல்லை, மெனுவை நானே ஃபைலில் எழுதினேன். 250 எம்பிக்குக் கொண்டுவந்தபோது பெருமை தாங்கவில்லை. அப்புறம் பிரவுசரைத் திறந்து மின்னஞ்சல், செய்தித்தளம், ஒரு வீடியோ என்று மூன்று டேப் போட்டேன். மிச்சம் பிடித்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய, மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நின்றது.

அதனால் டெஸ்க்டாப்பை விடுங்கள், முதலில் கணினியின் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். ரேம் போடும் இடம் காலியாக இருந்தால், உங்கள் மாடல் எவ்வளவு ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு 4 ஜிபி ஆக்குங்கள். ரேமா, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டியா, ஒன்றுதான் முடியும் என்றால்? என் ஓட்டு எஸ்எஸ்டிக்கு. ஹார்டு டிஸ்க்கில் முள் அங்குமிங்கும் ஓடித் துண்டுதுண்டாகக் கிடக்கும் தரவைப் பொறுக்கவேண்டும்; ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சுமார் 10 மில்லி விநாடி. ஒரு நிரல் திறக்க இப்படி ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் ஆகலாம். எஸ்எஸ்டியில் ஓட முள்ளே கிடையாது. டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் பழைய சாட்டா இணைப்பு அதன் முழு வேகத்தைக் கொடுக்காது, ஆனால் வித்தியாசம் முதல்முறை பூட் செய்யும்போதே தெரியும்.

சரி, டெஸ்க்டாப்புக்கு வருகிறேன். 4 ஜிபி ஆக்கிவிட்டால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, வேறெதையும் யோசிக்கவேண்டாம். 2 ஜிபிதான் என்றாலும் அதையே முதலில் முயலுங்கள். மின்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். கூடவே இசட்ரேமை இயக்கிவிடுங்கள். ரேமில் உபயோகமில்லாமல் கிடப்பதை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஏற்பாடு அது. ரேம் நிரம்பும்போது மிஞ்சியதை டிஸ்க்கில் எழுதிவைப்பதைவிட (ஸ்வாப்) பல மடங்கு வேகம். லுபுண்டு இன்னும் கொஞ்சம் லேசுதான். ஆனால் அதில் ஃபயர்பாக்ஸ் தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு சுமந்துவரும் ஸ்னாப் பொதியாக வரும், பழைய டிஸ்க்கில் முதல்முறை திறக்க நேரம் எடுக்கும். மின்ட்டில் அது சாதாரண டெப் பொதி. ஆன்டிஎக்ஸ் நிஜமாகவே சொற்ப ரேமில் ஓடுவது, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் செட்டிங்குகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும். வீட்டில் மற்றவர்களும் தொடும் கணினியில் அதைப் போட்டால் நாளுக்கு நாலுமுறை உங்களைக் கூப்பிடுவார்கள்.

நிறுவுமுன் பென்டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள். வேகத்தை அதில் எடைபோடாதீர்கள், பென்டிரைவ் மந்தமாகத்தான் இருக்கும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா என்று மட்டும் பாருங்கள். என் கணினியில் வைஃபை எழவே இல்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டுமே! போனை யூஎஸ்பி கேபிளில் கோத்து, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்துத்தான் (டெதரிங்) தப்பித்தேன்.

கேள்வி: 32 பிட் ஆட்டம் பிராசஸர், 1 ஜிபி ரேம் உள்ள குட்டி நெட்புக் இருக்கிறது. அதற்கும் வழி உண்டா?

பதில்: உண்டு, பாதை குறுகிக்கொண்டே போகிறது. மின்ட்டுக்கும் லுபுண்டுவுக்கும் அடிப்படையான உபுண்டுவில் 20.04லிருந்து 32 பிட் பதிப்பு இல்லை. பல லினக்ஸ் வகைகளுக்கு அடித்தளமான டெபியனின் 13ஆம் பதிப்புக்கு 32 பிட் நிறுவியே கிடையாது. டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 போடலாம். தலைவலி பிரவுசரில்தான். குரோம் 32 பிட் லினக்ஸை 2016லேயே கைகழுவிவிட்டது, ஃபயர்பாக்ஸ் 144ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள். பாட்டுக் கேட்க, கட்டுரை தட்டச்சு செய்ய வைத்துக்கொள்ளுங்கள். என் நெட்புக் இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறது.